சலீமை இறக்கும் ஓட்டு

5.7.2025, சனி

சலீமுக்குக் கை தட்டினார்கள். நான் பேசி முடித்தால் நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்கும்.

பங்குக் கோயில் பள்ளிக்கூட ஹாலில் இந்தச் சனிக்கிழமை வட்டத்தைத் தொடங்கியவன் நான். பீங்கான் தொழிற்பேட்டையில் வேலையை விட்ட வருஷம், பூசை முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தி, வாரம் ஒருநாள் உட்கார்ந்து உருப்படியாக ஏதாவது பேசுவோம் என்று சொன்னேன். அன்றிலிருந்து போன மாதம்வரை அமைப்பாளரும் நான்தான். போன மாதத் தேர்தலில் சலீம் என்னை எதிர்த்து நின்றார், ஜெயித்தார். சவுதியில், தமாமில் ஒரு கம்பெனிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர். வட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

ரகசியமாகத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று விதி எழுதியதும் நான்தான். கை தூக்கச் சொல்லியிருந்தால் என் முகத்துக்கு நேரே எவன் அவருக்குத் தூக்கியிருப்பான்?

இந்த வருஷம் வட்டம் எடுத்துக்கொண்ட பொருள், நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவின் சீர்திருத்த இயக்கங்கள். வருஷா வருஷம் நான் கேட்ட பொருள். "அமெரிக்கா நமக்கு எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு சர்க்கரை நோய், பத்திரப் பதிவு என்று எதையாவது வைத்துக்கொள்வார்கள். சலீம் ஒரே ஒரு தடவை சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். அந்த விஷயமே அவருக்கு என் வாயிலிருந்து கேட்டுத்தான் தெரியும்.

6.7.2025, ஞாயிறு

இட்லி வைக்கும்போது இஞ்ஞாசியம்மாள் ஆரம்பித்தாள்.

"பாய் ரொம்ப நல்லா பேசுனாராமே. கோயில்ல எல்லாரும் சொல்றாங்க."

"யாரு எல்லாரும்?"

"எல்லாருந்தான். உங்களத் தவிர."

நாற்பத்தெட்டு வருஷமாக இந்த நாக்கோடு குடித்தனம்.

10.7.2025

கொதிப்பு அடங்கவில்லை. ஏன் என்று எனக்கே எழுதிப் பார்க்கிறேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். பதினாலு வயதில் களிமண் பிசையப் போனேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு கட்டுக்குள் அமெரிக்க வரலாறு ஒன்று கிடந்தது, அட்டை இல்லாமல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தேன். ஓரிகன் மாநிலத்தில் 1908இல், தேர்ந்தெடுத்த ஆள் சரியில்லை என்றால் காலம் முடியும்முன்பே மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கலாம் என்று சட்டம் வந்தது. அதைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. போட்ட ஓட்டைத் திரும்பக் கேட்கலாமா? இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா?

பிறகு தேடித் தேடிப் படித்தேன். கட்சிக்காரர்கள் மூடிய அறையில் வேட்பாளரைப் பொறுக்கியதை மாற்றி, வாக்காளரே பொறுக்கட்டும் என்ற விஸ்கான்சின். பிழைக்க வந்த சனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சிகாகோ தெருவில் வீடு எடுத்துத் தங்கி, குப்பை வண்டி வராததற்கு நகராட்சியோடு சண்டை போட்ட படித்த பெண்கள். சமையலும் தச்சும் செய்துகொண்டே பிள்ளைகள் கணக்குப் படித்த பள்ளிக்கூடம். பிரம்படிக்குப் பயந்து பள்ளியை விட்டவனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்திருக்கும் என்று சலீமுக்குத் தெரியுமா? அவர் பி.காம்.

எனக்கு அது வேண்டியிருந்தது. அவருக்கு அது பொழுதுபோக்கு. அதுதான் கொதிப்பு.

12.7.2025, சனி

இன்றைக்கு ஓரிகன். என் ஓரிகன்.

"கல்யாணத்துல சமையக்காரரு சாம்பார்ல உப்பே போடல. பந்தி முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு திங்கணுமா? பாதிப் பந்தியிலயே கரண்டிய புடுங்கலாம். அவ்வளவுதாங்க ஓரிகன்!" என்றார்.

ஹாலே சிரித்தது. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நீலாவதி டீச்சர்கூடச் சிரித்தார். இதே விஷயத்தை இதே ஹாலில் நான் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஆண்டுகளோடு, ஓட்டுக் கணக்கோடு. ஒருவன் சிரிக்கவில்லை. கரண்டி! கரண்டி என்று சொல்ல எனக்குத் தெரியாதா?

அதோடு விட்டாரா? "இதெல்லாம் நான் கண்டுபுடிச்சது இல்லீங்க. அந்தோணிமுத்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருந்தன்மையாம். திட்டவும் வழியில்லாமல் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

15.7.2025

கரண்டியைப் பிடுங்கலாம் என்றுதானே சொன்னார். பிடுங்குவோம்.

16.7.2025

வட்டத்தின் விதிகளில் ஏழாவது: உறுப்பினரில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டால் அமைப்பாளரை இறக்கலாமா என்று ரகசிய ஓட்டு நடத்த வேண்டும். பாதிக்கு மேல் ஆம் என்றால் அவர் இறங்கி, தேர்தலில் அடுத்து வந்தவர் அமர வேண்டும். ஓரிகனை நினைத்து நான் எழுதியது. இதுவரை யாரும் தொட்டதில்லை.

மனுவில் காரணம் எழுத வேண்டும். இதில்தான் காலை முழுக்கப் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1904இல் முதன்முதலாக ஒரு கவுன்சிலரை இறக்கினார்கள். நகராட்சியின் அச்சு வேலையை அதிக விலை கேட்டவருக்குக் கொடுக்க ஓட்டுப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. சலீம் என்ன செய்தார்? டீயில் இஞ்சி போடச் சொன்னார். பின்வரிசை நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார்.

கடைசியில் "பேச்சில் வேடிக்கை மிகுந்து பொருள் குறைகிறது" என்று எழுதினேன். குறைகிறதா? குறைகிறது.

18.7.2025

பீங்கான் பேட்டைக்குப் போனேன். கொளஞ்சிநாதன் அங்கே பியூஸ் கட்டை செய்யும் யூனிட் வைத்திருக்கிறான், வட்டத்துக்குத் தவறாமல் வருபவன். வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் மனுவைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன பெரியப்பா, பிராதா? மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பர் வேல்ல கட்ட வேண்டியதுதான? எங்கிட்ட நீட்டுறீங்க?"

மணவாளநல்லூர் முருகனிடம் மனக்குறையைத் தாளில் எழுதிக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். சாதி மதம் பார்க்காமல் போய்க் கட்டுவார்கள்.

"இது சாமிக்கு இல்லடா. விதிப்படி மனு."

"சாமியா இருந்தா மூணு மாசத்துல தீர்ப்பு சொல்லிடும். உங்க விதி எப்ப சொல்லும்?" என்று கேட்டுக்கொண்டே, படிக்காமல், அட்டைப் பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்தான்.

நீலாவதி டீச்சர் முழுக்கப் படித்தார்.

"ஐயா, இது வேணுங்களா?"

"விதி இருக்குது டீச்சர்."

"விதி இருக்குது. வேணுமான்னு கேட்டேன்."

பேனாவை நீட்டினேன். அவரும் போட்டுக் கொடுத்தார். வெயிலாக இருக்கிறது, ஆட்டோவில் போங்கள் என்றார்.

21.7.2025

இருபத்து நாலு பேரில் பத்தொன்பது கையெழுத்து! கால்வாசி கேட்டேன், முக்கால்வாசிக்கு மேலே வந்துவிட்டது. யாருமே மறுக்கவில்லை. வட்டம் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. தேர்தல் அன்று ஏதோ மயக்கம்.

பத்தொன்பதாவது யார் என்பதை எழுதக் கை கூசுகிறது. பஸ் ஸ்டாண்டு அருகே சலீமே எதிரே வந்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டீங்களாம், என்கிட்ட கேக்கலியே அண்ணே."

"உங்கள எறக்கத்தான் பாய் இந்த மனு."

"தெரியும். நானும் உறுப்பினர்தான? கொடுங்க."

ஸ்கூட்டர் சீட்டில் வைத்து அழகாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். தன்னை இறக்கும் மனுவில்கூட இந்த ஆளு என்னைவிட நல்ல பேர் வாங்கிவிட்டுப் போகிறான். எப்படி முடியுது?

வீட்டில் சொன்னேன். இஞ்ஞாசியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வயசான மனுசன் வேகாத வெயில்ல வந்து வாசல்ல நின்னா, யாரு இல்லன்னு சொல்லுவாங்க? எனக்கும் நீட்டுங்க. நானும் போடுறேன்."

அவளுக்கு அரசியல் தெரியாது. கையெழுத்து என்றால் கையெழுத்து.

26.7.2025, சனி

மனுவைக் கொடுத்தேன். ஆகஸ்ட் ஒன்பது அன்று ஓட்டு. அன்றைய பேச்சு நடந்த பிறகுதான் ஓட்டு என்றார் சலீம். பேசிக்கொள்ளட்டும். கடைசிப் பேச்சு.

3.8.2025, ஞாயிறு

சலீம் வீட்டுக்கு வந்தார். கேரி நகரத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேசப் போகிறாராம். என்ன சொல்லலாம் என்று என்னிடமே கேட்கிறார்! கூகுளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேரி என்ற பேரைக் கேட்டால் என் வாய் நிற்காது.

இரும்பு ஆலைக்காக எழும்பிய ஊர். மணி அடித்தால் ஒரு பாதிப் பிள்ளைகள் வகுப்பில், மறு பாதி பட்டறையில், தோட்டத்தில், விளையாட்டுத் திடலில். ஒரு கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள். ஒருவரும் சும்மா உட்கார்ந்து அடி வாங்கவில்லை. சொல்லச் சொல்ல டீ ஆறிப்போனது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் ஏன் அண்ணே நியூயார்க்குல இதக் கொண்டாந்தப்ப பிள்ளைங்களே கல்லெடுத்து அடிச்சாங்க?" என்றார்.

"அது அரசியல் பாய்" என்றேன்.

"ம்" என்று எழுந்து போனார்.

9.8.2025, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

சலீம் கேரியைச் சொன்னார். நான் சொன்னதைத்தான் சொன்னார், என்னைவிடச் சுருக்கமாக. பிறகு 1917, நியூயார்க். பிழைக்க வந்த சனங்களின் பிள்ளைகள் தெருவில் இறங்கிப் பள்ளிக்கூடத்துச் சன்னல்களை உடைத்தது.

"படிச்ச பெரியவங்க நல்லதுதான் நெனைச்சாங்க. பெத்தவங்க என்ன நெனைச்சாங்க? நாம ஆலையில கெடந்து சாகுறோம், நம்ம பிள்ளையும் பட்டறைக்கா போவணும்? பணக்காரன் பிள்ளை மட்டும் லத்தீன் படிக்குமா? இத யாரும் அவங்ககிட்ட ஒக்காந்து கேக்கல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "கொளஞ்சி, உன் பொண்ண ஸ்கூல்லயே களிமண்ணு பிசையச் சொன்னா ஒத்துக்குவியா?"

"அன்னிக்கே டீ.சி. வாங்கிட்டு வந்துருவேன் பாய்."

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. பேட்டையில் வேலை பார்த்தவர்கள்தான் ஹாலில் பாதிப் பேர். நானும்.

என் கேள்வி அது. பதினாலு வயதில் மண்ணுக்குப் போனவன் நான். மகனை அந்தப் பேட்டைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி கடலூருக்குப் படிக்க அனுப்பியவன் நான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, தமாமில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டுவிட்டார். இத்தனை வருஷமாக அது என் எதிரிலேயே கிடந்தது. பொறாமைதான். வேறு பேர் வைக்க மாட்டேன்.

பிறகு ஓட்டு. கரும்பலகையைத் திருப்பி வைத்து மறைப்புச் செய்திருந்தார்கள். சீட்டில் இரண்டு வரி: "இறக்கலாம்", "இருக்கட்டும்". மறைப்புக்குப் பின்னால் நின்று யோசித்தேன். பத்தொன்பது கையெழுத்து இருக்கிறது. சலீமை விட்டாலும் பதினெட்டு. என் ஓட்டு இல்லாமலே ஆள் இறங்கிவிடுவார். அப்படியானால் என் ஒரு ஓட்டை அந்தக் கேள்விக்குப் போட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? நாற்காலியும் எனக்கு வரும், மனசும் உறுத்தாது.

"இருக்கட்டும்" மேல் டிக் போட்டேன்.

நீலாவதி டீச்சர் எண்ணினார். இருக்கட்டும். இருக்கட்டும். இருக்கட்டும். பத்து தாண்டியதும் நான் விரல் மடக்குவதை நிறுத்தினேன். கடைசிச் சீட்டுக்கு அப்புறம் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டும், இருபத்து நாலு. இறக்கலாம்..." என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க ஐயா."

கொளஞ்சிநாதன்தான் மெதுவாகக் கேட்டான். "பெரியப்பா... நீங்களுமா?"

ரகசிய ஓட்டுக்காக அத்தனை போராடினார்களே, அத்தனை பேரும் ஒரே பக்கம் போட்டுவிட்டால் ரகசியம் எங்கே போய் ஒளியும் என்று அமெரிக்காவில் ஒருத்தனும் யோசிக்கவில்லையா?

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

10.8.2025, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

இஞ்ஞாசியம்மாள் போய் வந்தாள். "சொந்த மனுவுக்கே ஓட்டுப் போடாத ஆள இப்பத்தான் பாக்கறோம்னு சொல்றாங்க."

"கண்ணாடி போடல. மாத்தி டிக் பண்ணிட்டேன்."

"கண்ணாடி உங்க மூக்குலதான இருந்துச்சு. டீச்சர் சொன்னாங்களே."

டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு?

12.8.2025

கொளஞ்சிநாதனைக் கடைத்தெருவில் பிடித்தேன். "கையெழுத்துப் போட்டியேடா?"

"நீங்க கையெழுத்து கேட்டீங்க, போட்டேன் பெரியப்பா. ஓட்டு கேக்கலியே."

உருளைக்கிழங்குப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். நின்று யோசித்தேன். உண்மைதான். அத்தனை வாசல் ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் 'என்னை வை' என்று கேட்கவில்லை. வாய் வராது. அதற்கு மனு எழுதுவது சுலபமாக இருந்திருக்கிறது.

13.8.2025

வட்டத்தை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். நான் ஆரம்பித்த வட்டம். நான் ஏன் விலக வேண்டும்?

15.8.2025, வெள்ளி

மாதா விண்ணேற்பு. கொடியேற்றமும் பூசையும் முடிந்து வந்தால் வாசலில் சலீமின் ஸ்கூட்டர். உள்ளே இஞ்ஞாசியம்மாள் அவருக்குப் பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றி கின்றி என்று ஏதாவது சொல்லியிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பேன். அடுத்த வாரப் பேச்சு பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது பற்றியாம்.

"பாதி நீங்க, பாதி நான்னு பேசலாமா அண்ணே?"

"பாதி எதுக்கு? முழுசா நானே பேசுறேன்."

"சரிங்கண்ணே."

அவ்வளவுதான். உடனே சரி என்றுவிட்டார். கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

18.8.2025

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 1910 வாஷிங்டன் மாநிலம், 1911 கலிபோர்னியா, 1920இல் நாடு முழுக்க. எல்லாம் சரி. ஒரு பிழை இல்லை. எனக்கே கொட்டாவி வந்தது.

கேள்வி இல்லை. அதுதான் குறை. சலீம் இதில் என்ன கேட்பார் என்று யோசிக்கிறேன். அவர் எங்கேயோ இப்போது அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

20.8.2025, புதன்

சாப்பிடும்போது சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஊர்வலம் போனார்கள், வெள்ளை உடுத்தி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள், சிறைக்கும் போனார்கள் என்று. இஞ்ஞாசியம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அத்தன பொம்பளைங்களும் ஊர்வலம் போயிட்டா வூட்டுல சோறு யாரு ஆக்குனது?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அட்டை இல்லாத அந்தப் புத்தகத்திலிருந்து இன்றுவரை நான் படித்த எதிலும் இதற்குப் பதில் பார்த்த ஞாபகம் இல்லை. வேலைக்காரிகளா? அந்த வேலைக்காரிகள் ஊர்வலத்தில் இருந்தார்களா? அவர்களுக்கு யார் ஆக்கிப் போட்டது?

"சனிக்கிழம நீயும் வா" என்றேன்.

"நான் வந்து என்னா பண்ண?"

"இத அங்க கேளு. நான் கேட்டா எல்லாரும் செல்போனப் பாப்பாங்க."

"பாய் இருப்பாரா?"

"இருப்பாரு. முன்வரிசையில."

அவர் வாயைத் திறக்கும்முன் கேட்டுவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.